மூணு கண் போதும் சார்!

"அப்பா, வாசல்ல யாரோ நிக்கிறாங்க! எழுந்திரிங்க!"

ராத்திரி ஒன்றரை மணிக்குப் போன். பேசுவது சிங்கப்பூரில் இருக்கும் என் பையன். அங்கே மணி நாலு. நானோ கூத்தாநல்லூரில், அதே வாசலிலிருந்து பத்தடி தள்ளிக் கட்டிலில் கிடக்கிறேன். என் வீட்டு வாசலில் ஆள் நிற்கிற விஷயம் கடல் தாண்டிப் போய், அங்கிருந்து எனக்குத் திரும்பி வருகிறது!

முன்னால் டார்ச் லைட்டுடன் நான், பின்னால் தோசைத் திருப்பியுடன் என் மனைவி... இப்படி ஒரு படை கிளம்பிக் கதவைத் திறந்தால், வாசலில் ஈ காக்கை இல்லை. அண்ணாந்து பார்த்தேன். கேமிராவின் கண்ணாடிக்கு நேராக ஒரு சிலந்தி ஜம்மென்று வலை பின்னிக்கொண்டிருந்தது! ராத்திரியில் கேமிரா பக்கம் பூச்சி வரும். பூச்சி வந்தால் சிலந்தி வரும். கண்ணாடிக்கு அத்தனை கிட்டத்தில் நின்றால் அரை அங்குல ஜீவன்கூட ஆறடி ஆசாமிதான்.

அன்றிலிருந்து வாரம் ஒரு முறை துடைப்பத்தில் துணி சுற்றிக் கேமிராவுக்கு ஒட்டடை அடிக்கிறேன். கேமிரா வாங்கப் போகிறவர்களுக்கு என் முதல் யோசனை: கூடவே நீளமான துடைப்பம் ஒன்று வாங்கிவிடுங்கள்!

பூட்டிய வீடுகளின் ஊர்

எங்கள் ஊருக்குச் 'சின்ன சிங்கப்பூர்' என்று செல்லப் பெயர் உண்டு. திருவாரூர் மாவட்டம், சுற்றிலும் நெல் வயல், நடுவே மாடி மாடியாக வீடுகள். சிங்கப்பூர், மலேசியா, அப்புறம் வளைகுடா என்று தலைமுறை தலைமுறையாகச் சம்பாதிக்கப் போனவர்கள் கட்டியவை. கட்டினவர் அங்கே, கட்டின வீடு இங்கே. சில வீட்டில் பெண்களும் குழந்தைகளும் மட்டும். சில வீட்டில் எங்களை மாதிரி கிழ ஜோடி. சில வீட்டில் வெறும் பூட்டு. கேமிரா வியாபாரத்துக்கு இதைவிட நல்ல ஊர் வேண்டுமா?

வீட்டுக்குக் கேமிரா வைக்கிற யோசனையே தனியாக இருந்த ஒரு பெண்ணுக்கு வந்ததுதான். நியூயார்க்கில் குவீன்ஸ் பகுதியில் இருந்த மேரி வான் பிரிட்டன் பிரவுன் என்ற நர்ஸ். வேலை நேரம் ஏறுக்குமாறு. புருஷன் ஆல்பர்ட் எலெக்ட்ரானிக்ஸ் டெக்னீஷியன், அவருக்கும் அப்படியே. ராத்திரி தனியாக இருக்கையில் கதவைத் தட்டினால் திறக்கப் பயம். போலீஸைக் கூப்பிட்டாலோ வந்து சேர நேரமாகும். புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து கதவில் நாலு ஓட்டை போட்டார்கள். உயரமான ஆளுக்கு ஒன்று, குள்ளமான ஆளுக்கு ஒன்று என்று மேலும் கீழும் நகர்கிற கேமிரா. படுக்கையறையில் படம் காட்ட டி.வி.; வெளியே நிற்பவரிடம் பேச மைக்; பட்டனைத் தட்டினால் கதவு திறக்கும், இன்னொரு பட்டனுக்கு அபாயச் சத்தம் போகும். 1966-ல் விண்ணப்பித்து 1969-ல் காப்புரிமை வாங்கிவிட்டார்கள்.

கதையைக் கேட்ட என் மனைவி, "அந்தம்மா நம்ம ஊர்ல பொறந்திருக்க வேண்டியவங்க" என்றாள்.

நானே திருடன்!

மன்னார்குடியிலிருந்து ஒரு தம்பி ஏணியோடு வந்தார். எடுத்த எடுப்பில் மொட்டை மாடி விளிம்பில் கேமிராவைப் பொருத்தப் போனார். "தம்பி, அங்கேருந்து பாத்தா என் வழுக்கைதானே தெரியும்?" என்றேன். இறக்கச் சொன்னேன். முகம் தெரிய எட்டிலிருந்து பத்தடி உயரம் போதும். அதற்கும் கீழே வந்தால் கையால் எட்டித் திருப்பிவிடுவார்கள்.

லென்ஸில் 2.8 மி.மீ. என்று போட்டிருந்தால் முற்றம் முழுக்க அகலமாகத் தெரியும். ஆனால் ஆள் சின்னதாக இருப்பார். 6 மி.மீ. என்றால் அகலம் குறைவு. தூரத்து கேட்டில் நிற்பவர் முகம் பெரிதாக விழும். எங்கள் வீட்டில் கேட்டுக்கு 6, போர்ட்டிகோவுக்கும் கொல்லைக்கும் 2.8.

எல்லாம் முடிந்து தம்பி பில் நீட்டியபோது, "இருங்க, ராத்திரி பாத்துட்டுத் தரேன்" என்றேன். எட்டு மணிக்கு விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு நானே திருடனாகச் சுவரோரம் பதுங்கி நடந்தேன். தெருநாய் கடமையைச் செய்தது. அப்புறம் ரெக்கார்டைப் போட்டுப் பார்த்தால், வெள்ளைச் சுவர் வெளிச்சத்தைத் திருப்பி அடித்து என் முகம் சுண்ணாம்பு அடித்தது போல வெளுத்திருந்தது. கேமிராவைக் கொஞ்சம் திருப்பின பிறகுதான் மூக்கும் முழியும் கிடைத்தது. பகலில் பார்த்துவிட்டுப் பணம் கொடுக்காதீர்கள்!

கரண்டும் கணக்கும்

2018 நவம்பர் 16-ம் தேதி கஜா புயல் அடித்ததை டெல்டாக்காரர்கள் மறக்க முடியாது. கம்பங்கள் சாய்ந்து நாள் கணக்கில் இருட்டில் கிடந்தோம். கரண்ட் போனால் கேமிரா வெறும் அலங்காரம். நாலு கேமிராவும் பதிவுப் பெட்டியும் சேர்ந்து ஏறக்குறைய 40 வாட் இழுக்கும், பழைய குண்டு பல்பு ஒன்றின் செலவு. வீட்டு இன்வெர்ட்டரோடு இணைத்துவிட்டால் ராத்திரி முழுக்கத் தாங்கும். ஃபேனுக்கும் லைட்டுக்கும் கொடுத்தவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

அடுத்தது ஹார்டு டிஸ்க். நொடிக்கு 2 மெகாபிட் வீதம் ஓடுகிற கேமிரா ஒரு நாளைக்கு 21 ஜி.பி.க்கு மேல் தின்னும். நாலு கேமிராவுக்கு 86. ஆக, 1 டி.பி. டிஸ்க் பதினோரு நாள் தாங்கும். அப்புறம் பழசை அழித்துக்கொண்டே புதுசை எழுதும். இருபது நாள் கழித்து வெளிநாட்டிலிருந்து வந்து, "திருடு போன படம் எங்கே?" என்றால் பெட்டி திருதிருவென்று முழிக்கும். பெட்டியை டி.வி.க்குக் கீழே வைக்கவும் வேண்டாம். விவரமான திருடன் போகும்போது அதையும் தூக்கிக்கொண்டு போவான். காற்றோட்டமுள்ள பூட்டுப் போட்ட அலமாரிதான் உத்தமம்.

பாஸ்வேர்டு விஷயத்தில் சோம்பல் கூடாது. பெட்டியோடு வந்த பாஸ்வேர்டை மாற்றாமல் விட்ட கேமிராக்களையும் மோடம்களையும் 'மிராய்' என்ற வைரஸ் 2016-ல் லட்சக்கணக்கில் வளைத்துப் போட்டது. அந்த அக்டோபரில் அமெரிக்காவில் பெரிய பெரிய இணையதளங்களே ஸ்தம்பித்தன. திருடனைப் பிடிக்க வைத்த கேமிரா திருடனோடு சேர்ந்துகொண்டது!

அப்புறம் கடிகாரம். எங்கள் தெருவில் ஒரு ஆடு காணாமல் போய்ப் படம் கேட்டு வந்தார்கள். போட்டுக் காட்டினேன். ஆடு தன்னந்தனியாக, யார் துணையும் இல்லாமல் நிதானமாக நடந்து போகிறது. ஆனால் படத்தில் தேதி 2000 ஜனவரி 1! பெட்டிக்குள் இருக்கிற குட்டி பேட்டரி செத்தால் இப்படித்தான் காலம் பின்னால் ஓடிவிடும். ஆடு மறுநாள் தானாகவே திரும்பி வந்துவிட்டது, சரி. நிஜமான கேஸாக இருந்தால்? 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கிற புதிய சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவின்படி இந்த மாதிரிப் பதிவுக்குச் சான்றிதழும் வேண்டும். தேதியே தப்பு என்றால் எதிர்த்தரப்பு வக்கீல் சும்மா விடுவாரா? மாதம் ஒரு முறை மணி பார்த்துவிடுங்கள்.

கண் யார் மேல்?

இதுவரை எல்லாம் விளையாட்டாகச் சொல்லிவிட்டேன். இனிமேல் கொஞ்சம் கஷ்டம்.

கேமிரா வைத்துப் பத்து நாள் இருக்கும். பக்கத்து வீட்டு அம்மா வேலியோரம் வந்து தயங்கி நின்றார். அவர் பிள்ளைகள் என்னிடம் படித்தவர்கள்.

"வாத்தியார் சார், தப்பா நெனச்சுக்காதீங்க. உங்க கொல்லை கேமிரா எங்க பக்கம் பாக்குதாமே? மருமக துணி காயப்போடக்கூட வெளிய வரமாட்டேங்குது..."

எனக்குச் சுருக்கென்றது. ஓடிப் போய்ப் பார்த்தேன். ஆமாம், படத்தில் பாதி அவர்கள் கொல்லைதான்! அன்றைக்கே கேமிராவைத் திருப்பி, மீதி தெரிந்த மூலையைக் கறுப்புக் கட்டம் போட்டு மறைத்தேன். இந்த வசதி பெரும்பாலான பெட்டிகளில் இருக்கிறது, யாரும் சொல்வதில்லை. அவரையே கூப்பிட்டுத் திரையைக் காட்டினேன். நாங்கள் ஊருக்குப் போனால் சாவி வாங்கி வைத்துக்கொள்கிற வீடு அது. அந்தக் கண்ணைக் கெடுத்துக்கொண்டு இந்தக் கண்ணை வைத்து என்ன செய்ய?

அடுத்த பாடம் என் வீட்டுக்குள்ளேயே கிடைத்தது. நாலாவது கேமிரா ஹாலில் இருந்தது, பையன் ஆசைப்பட்டு வைத்தது. ஒரு நாள் மத்தியானம் போன்.

"அம்மா, அது மூணாவது அதிரசம்!"

என் மனைவிக்குச் சர்க்கரை உண்டு. எடுத்ததைத் தட்டில் வைத்துவிட்டாள். அன்றைக்குச் சிரித்துவிட்டோம். ஆனால் மெல்ல மெல்ல அவள் ஹாலில் உட்காருவதையே விட்டுவிட்டாள். சீரியல் பார்க்கிற நேரத்தில்கூட அடுப்படியில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். கேட்டதற்கு, "காலை நீட்டி உக்கார முடியலைங்க. யாரோ பாத்துக்கிட்டே இருக்காப்ல இருக்கு" என்றாள்.

யாரோ இல்லை, பெற்ற பிள்ளைதான். அவனைச் சொல்லியும் குற்றமில்லை. போன வருஷம் அவள் வழுக்கி விழுந்ததை இரண்டு நாள் அவனிடம் மறைத்தோம். அந்தப் பயம் அவனுக்கு. அன்று ராத்திரி நான் அவனிடம் பேசினேன். "தம்பி, வாசலைப் பாத்துக்கோ, கொல்லையைப் பாத்துக்கோ. அம்மாவைப் பாக்கணும்னா போன் பண்ணிப் பேசு. நாங்களும் இனிமே எதையும் மறைக்கலை" என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "சரிப்பா, கழட்டிடுங்க" என்றான்.

இப்போது மூணு கேமிராதான். அதே டிஸ்கில் பதினைந்து நாள் படம் நிற்கிறது, அது ஒரு லாபம்! என் மனைவி ஹாலில் காலை நீட்டி சீரியல் பார்க்கிறாள். தினமும் ராத்திரி எட்டு மணிக்குப் பையன் போன் பண்ணுகிறான்.

"அம்மா, இனிப்பு ஏதும் சாப்பிடலியே?"

"சே சே! வாயிலயே வைக்கலப்பா!"

எனக்குத் தெரியும். ஆனால் நான் கேமிரா இல்லையே!