மொட்டைமாடியும் ஐந்து வாட்டும்

சீனாவின் பாவ்ஃபெங் நிறுவனம் 2012ஆம் ஆண்டில் யூவி-5ஆர் என்னும் கையடக்க வானொலிக் கருவியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதுவரை ஜப்பானியக் கருவிகளுக்குப் பல ஆயிரம் ரூபாய் செலவிட்டுவந்த அமெச்சூர் வானொலியாளர்களுக்கு, அதாவது பொதுவழக்கில் ஹாம் எனப்படுவோருக்கு, அந்த விலையில் ஒரு சிறுபங்கைக் கொடுத்தாலே இரண்டு அலைவரிசைகளில் பேசவும் கேட்கவும் இயலும் என்ற நிலை அதனால் உருவானது. அதன் பின்னர் அதே வகைக் கருவிகள் பல பெயர்களில் வெளிவந்தன. பெட்டிகளின்மீது அச்சிடப்படும் வாட் எண்ணும் கிலோமீட்டர் எண்ணும் ஆண்டுக்கு ஆண்டு ஏறிக்கொண்டே வந்தன. இவற்றுள் வாட் எண்ணைக்கூட ஓரளவு நம்பலாம்; ஆனால் கிலோமீட்டர் எண் கருவியின் இயல்பே அன்று, அக்கருவியை ஏந்தி நிற்பவர் எங்கே நிற்கிறார் என்பதைப் பொறுத்தது.

இதன் காரணம் இக்கருவிகள் பயன்படுத்தும் அலைகளின் தன்மையில் இருக்கிறது. இந்தியாவில் ஹாம்களுக்கு ஒதுக்கப்பட்டுள்ள 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரையிலான வரிசையில் அலைநீளம் ஏறத்தாழ 2 மீட்டர். 434 முதல் 438 மெகாஹெர்ட்ஸ் வரையிலான வரிசையில் அது ஏறத்தாழ 70 சென்டிமீட்டர். சிற்றலை ஒலிபரப்பின் அலைகள் வளிமண்டலத்தின் மேலடுக்கான அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் இறங்குகின்றன. இவ்விரு வரிசைகளின் அலைகளோ பொதுவாக அந்த அடுக்கை ஊடுருவி விண்வெளிக்குச் சென்றுவிடுவதால், தரையில் இருப்பவருக்கு அவை ஏறக்குறைய நேர்க்கோட்டில்தான் பயன்படும். பூமியோ வளைந்திருக்கிறது. ஆகவே ஒருவரின் குரல் எட்டும் தொலைவுக்கு முதல் வரம்பு, அவருடைய தொடுவானம்.

இந்த வரம்பைக் கணக்கிடுவது எளிது. ஆண்டெனாவின் உயரத்தை மீட்டரில் எடுத்துக்கொண்டு, அதன் வர்க்கமூலத்தை 4.12ஆல் பெருக்கினால், வானொலித் தொடுவானத்தின் தொலைவு கிலோமீட்டரில் கிடைக்கும். வளிமண்டலம் அலையைச் சற்றே கீழ்நோக்கி வளைப்பதால் இது கண்ணுக்குத் தெரியும் தொடுவானத்தைவிடச் சுமார் 15 விழுக்காடு அதிகம். தரையில் நிற்பவரின் கையில், 1.5 மீட்டர் உயரத்தில் உள்ள ஆண்டெனாவுக்கு இது வெறும் 5 கிலோமீட்டர். இருவரும் அவ்வாறே நின்றால் இரண்டு தொடுவானங்களையும் கூட்டி 10 கிலோமீட்டர் என்று கொள்ளலாம். அதுவும் இடையில் கட்டடமோ தோப்போ மேடோ இல்லாத உப்பளம் போன்ற வெளியில்தான். நகரத் தெருவில் அதே இருவரும் ஒன்றிரண்டு கிலோமீட்டரிலேயே ஒருவரை ஒருவர் இழந்துவிடுவது இயல்பு. ஒருவர் மட்டும் 12 மீட்டர் உயரமுள்ள மொட்டைமாடிக்கு ஏறினால் அவருடைய தொடுவானம் 14 கிலோமீட்டராக விரிகிறது. சுமார் 90 மீட்டர் உயரமுள்ள சென்னைப் பரங்கிமலையின் உச்சியில் அது 39 கிலோமீட்டர். கொடைக்கானலைப் போல 2,100 மீட்டர் உயரமுள்ள மலையில் வைக்கப்படும் நிலையத்துக்கு, தடையற்ற திசையில், அது 180 கிலோமீட்டரைக் கடந்துவிடும். ரிப்பீட்டர் எனப்படும் தானியங்கி நிலையங்களை, அதாவது ஓர் அதிர்வெண்ணில் கேட்டதை அதே நொடியில் இன்னோர் அதிர்வெண்ணில் கூடுதல் ஆற்றலுடன் திருப்பி அனுப்பும் நிலையங்களை, ஹாம் சங்கங்கள் மலைகளிலும் உயர்ந்த கட்டடங்களிலும் நிறுவுவதற்குக் காரணம் இந்தக் கணக்கே.

வாட் எண்ணுக்கு இக்கணக்கில் இடமே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். தொடுவானத்துக்கு உட்பட்ட தொலைவில்கூட அதன் பங்கு விளம்பரங்கள் சொல்லும் அளவுக்குப் பெரிதன்று. தடையற்ற வெளியில் தொலைவை இரட்டிப்பாக்க நான்கு மடங்கு ஆற்றல் தேவை. தரையை ஒட்டிச் செல்லும் அலையிலோ, நேராக வருவதும் தரையில் பட்டு எதிரொளித்து வருவதும் ஒன்றையொன்று பெருமளவு அழித்துக்கொள்வதால், எளிய கணக்கின்படி பதினாறு மடங்கு தேவைப்படுகிறது. 5 வாட் கருவியை விற்றுவிட்டு 10 வாட் கருவியை வாங்குபவருக்கு இதன்படிக் கிடைப்பது ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவான கூடுதல் தொலைவு. அதற்கு ஈடாக பேட்டரி விரைவில் தீர்கிறது, கருவி சூடாகிறது, கண்ணருகே பாயும் கதிர்வீச்சும் கூடுகிறது. எதிரிலிருப்பவரின் குரலைக் கேட்பதற்கு அந்தக் கூடுதல் வாட் எவ்விதத்திலும் உதவாது.

பார்வைக்கோடு திறந்திருந்தால் சிறிய ஆற்றலும் எவ்வளவு தொலைவு செல்லும் என்பதற்கு விண்வெளியே சான்று. 1983ஆம் ஆண்டில் கொலம்பியா விண்ணோடத்தில் பறந்த ஓவன் கேரியட், விண்வெளியிலிருந்து பேசிய முதல் ஹாம் ஆனபோது அவர் கையில் இருந்தது மோட்டரோலா நிறுவனத்தின் கையடக்கக் கருவிதான்; ஆண்டெனாவை விண்ணோடத்தின் சன்னலில் பொருத்திக்கொண்டு அவர் தரையிலிருந்த ஹாம்களுடன் பேசினார். இன்றும் 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் சர்வதேச விண்வெளி நிலையத்தின் ரிப்பீட்டரை, கையடக்கக் கருவியும் திசைநோக்கு ஆண்டெனாவும் கொண்டு எட்டிவிடுகிறார்கள். அதே ஐந்து வாட் இரண்டு தெரு தள்ளியிருக்கும் நண்பரின் தரைத்தள அறையை எட்டாமல் போவதில் வியப்பில்லை. இடையில் இருப்பவை கான்கிரீட் சுவர்கள்.

உயரத்துக்கு அடுத்த இடம் ஆண்டெனாவுக்கு உரியது. மலிவுக் கருவிகளின் பலவீனம் மிக எளிதில் தீர்க்கப்படுவதும் இங்கேதான். அலைநீளத்தில் கால் பங்கு நீளமுள்ள கம்பி நல்ல ஆண்டெனாவாகச் செயல்படும் என்பது அடிப்படை விதி. 2 மீட்டர் வரிசைக்கு அது ஏறத்தாழ 50 சென்டிமீட்டர். கருவியுடன் வரும் ரப்பர் உறையிட்ட ஆண்டெனா, ரப்பர் டக் என்று ஹாம்கள் அழைப்பது, 15 சென்டிமீட்டர் அளவே இருக்கும்; உள்ளே கம்பியைச் சுருளாகச் சுற்றி நீளக் குறைவை ஈடுகட்டியிருப்பதால் அது இயங்குகிறது, ஆனால் செலுத்தப்படும் ஆற்றலின் பெரும்பகுதி அலையாக வெளியேறாமல் வீணாகிறது. அதைக் கழற்றிவிட்டு 40 முதல் 50 சென்டிமீட்டர் நீளமுள்ள சாட்டை ஆண்டெனாவையோ இழுத்து நீட்டும் உலோக ஆண்டெனாவையோ பொருத்துவது, சில நூறு ரூபாயில் செய்யக்கூடிய மிகச் சிறந்த முதலீடு. பெயர்பெற்ற ஆண்டெனாக்களுக்குப் போலிகள் மலிந்திருப்பதால் வாங்குமிடத்தில் எச்சரிக்கை தேவை. பாவ்ஃபெங் வகைக் கருவிகளின் இணைப்பு முனையும் பல ஜப்பானியக் கருவிகளின் முனையும் ஆண், பெண் என மாறியிருக்கும் என்பதையும் பார்த்து வாங்க வேண்டும்.

ஆண்டெனாவில் பாதிதான் கண்ணுக்குத் தெரிகிறது என்பதைப் பலர் அறிவதில்லை. மின்னோட்டம் கம்பியில் மேலேறும்போது அதற்கு இணையாக மறுபக்கத்திலும் ஓடியாக வேண்டும். கையடக்கக் கருவியில் அந்த மறுபாதியின் வேலையைக் கருவியின் உலோகச் சட்டமும் அதைப் பிடித்திருப்பவரின் உடலும் அரைகுறையாகச் செய்கின்றன. ஏறத்தாழ 49 சென்டிமீட்டர் நீளமுள்ள மின்கம்பி ஒன்றை ஆண்டெனா முனையின் வெளிப்புற உலோக வளையத்துடன் தொடுமாறு பொருத்தித் தொங்கவிட்டால், அந்தக் குறை பெரிதும் நீங்குகிறது. வாலைப் போல் தொங்குவதால் ஹாம்கள் இதைப் புலிவால் என்கிறார்கள். செலவு ஏறக்குறைய ஒன்றுமில்லை. வட்டார ரிப்பீட்டரில் இரைச்சலுக்குள் மூழ்கியிருந்த குரல் இதனால் தெளிவடைவது ஹாம்கள் பலரின் அனுபவம்.

இதற்கு மேல் செல்ல விரும்புவோருக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒரே திசையில் அலையைக் குவிக்கும் யாகி வகை ஆண்டெனாவை, தச்சர்கள் பயன்படுத்தும் எஃகு அளவு நாடாவை வெட்டி பிவிசி குழாயில் பொருத்தி வீட்டிலேயே செய்துகொள்ளலாம். மூன்று உறுப்புகள் கொண்ட அத்தகைய ஆண்டெனா குறித்த திசையில் ஆற்றலை ஏறத்தாழ நான்கு மடங்காக்கியதற்கு ஒப்பாகும், கேட்கும் திறனையும் அதே அளவு கூட்டும். மற்றொரு வழி மொட்டைமாடியில் நிலையான ஆண்டெனா ஒன்றை நிறுவி, கோஆக்சியல் கேபிள் வழியே கீழேயுள்ள கருவியுடன் இணைப்பது. இங்கே கேபிளில் சிக்கனம் பார்ப்பவர் ஏமாறுவார். ஆர்ஜி-58 எனப்படும் மெல்லிய கேபிள் 30 மீட்டர் நீளத்தில், 145 மெகாஹெர்ட்ஸ் அலையின் ஆற்றலில் முக்கால் பங்கைத் தின்றுவிடும். 435 மெகாஹெர்ட்ஸில் ஆண்டெனாவைச் சென்றடைவது பத்தில் ஒரு பங்குகூட இராது. தடித்த கேபிளைத் தேர்ந்தெடுப்பது அல்லது கருவியை எடுத்துக்கொண்டு மாடிக்கே போய்விடுவது நல்லது.

மலிவுக் கருவியின் உண்மையான குறைபாடு இந்த இடத்தில்தான் வெளிப்படுகிறது. வானொலியின் பெரும்பகுதிச் சுற்றுகளை ஒரே சில்லில் அடக்கியதால்தான் இவற்றின் விலை இவ்வளவு குறைந்தது. ஆனால் தேவையற்ற அலைகளை வாசலிலேயே தடுத்து நிறுத்தும் வடிகட்டிகள் இவற்றில் போதிய அளவு இல்லை. காட்டிலும் கிராமத்திலும் இது தெரியாது. நகரத்தில், பண்பலை நிலையங்களின் வலுவான அலைகளை உயர்ந்த ஆண்டெனா வாரிக்கொண்டு வந்து கொட்டும்போது, கருவியின் ஏற்பி திணறி, கேட்க வேண்டிய மெல்லிய குரலைத் தவறவிடுகிறது. பெரிய ஆண்டெனாவை மாட்டியதும் முன்பு கேட்ட நிலையம்கூடக் கேட்காமல் போனதாகக் குறை சொல்பவர்களுக்கு நேர்ந்தது பெரும்பாலும் இதுவே. யேசு, ஐகாம் போன்ற நிறுவனங்களின் கருவிகளுக்குக் கொடுக்கும் கூடுதல் விலை வாட்டுக்கான விலை அன்று. நெரிசலில் ஒரு குரலைப் பிரித்துக் கேட்கும் ஆற்றலுக்கான விலை. மலிவுக் கருவிகள் சில, பேசும் அதிர்வெண்ணின் இரு மடங்கிலும் மும்மடங்கிலும் அளவுக்கு மீறிய அலைகளைக் கசியவிடுகின்றன என்பதை அமெரிக்க ஹாம் அமைப்பான ஏஆர்ஆர்எல்லின் ஆய்வகச் சோதனைகள் காட்டியுள்ளன. பழகுவதற்கும் வட்டார ரிப்பீட்டரில் பேசுவதற்கும் மலிவுக் கருவி போதும். மாடியில் பெரிய ஆண்டெனா வைத்து நகரத்தின் நடுவிலிருந்து தொலைவைத் தேடுபவருக்கு அது போதாது.

வாங்குவதற்கு முன் சட்டத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். இக்கருவிகள் பெரும்பாலும் 136 முதல் 174 மெகாஹெர்ட்ஸ் வரை எங்கும் ஒலிபரப்பக்கூடியவை. கப்பல்களின் அவசர அழைப்புக்கான 156.8 மெகாஹெர்ட்ஸும் அதற்குள்ளேயே வருகிறது. இந்தியாவில் தொலைத்தொடர்புத் துறை நடத்தும் தேர்வில் தேறி, வியூ2 அல்லது வியூ3 எனத் தொடங்கும் அழைப்புக்குறியைப் பெற்றவர் மட்டுமே ஹாம் வரிசைகளில் பேசலாம். 12 வயது நிரம்பியவர்கள் இதற்கு விண்ணப்பிக்கலாம். உரிய அனுமதியற்ற வாக்கி டாக்கிகள் இணையச் சந்தைகளில் விற்கப்படுவதைத் தடுக்க மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2025ஆம் ஆண்டில் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டுள்ளது.

எஞ்சியிருப்பவை பழக்கத்தால் வருபவை. இடுப்பில் செருகிய கருவியின் அலையை உடல் உறிஞ்சிவிடுவதால், அதை முகத்துக்கு நேரே, ஆண்டெனா செங்குத்தாக நிற்குமாறு உயர்த்திப் பிடிக்க வேண்டும். ரிப்பீட்டர்களின் ஆண்டெனாக்கள் செங்குத்தாக இருக்க, கையிலுள்ளதைப் படுக்கவைத்துப் பேசினால் ஆற்றலின் பெரும்பகுதி வீணாகும். கட்டடங்களில் பட்டுத் தெறிக்கும் அலைகள் ஓரிடத்தில் ஒன்றையொன்று அழித்து, அரை மீட்டர் தள்ளி வலுப்பெறுவதால், குரல் கரகரத்தால் ஓரடி நகர்ந்து பார்ப்பது பயன் தரும். இரைச்சலை அடக்குவதற்காக ஏற்பியை மூடிவைக்கும் ஸ்குவெல்ச் அமைப்பு, மெல்லிய குரலையும் சேர்த்து மூடிவிடும். தொலைவிலுள்ளவரைத் தேடும்போது அதைத் திறந்துவிட வேண்டும். காற்றின் குளிர்ந்த அடுக்குக்கு மேல் வெப்ப அடுக்கு படியும் சில வேளைகளில், குறிப்பாகக் கடற்பரப்பின்மீது, அலைகள் குழாய்க்குள் செல்வதுபோல் வளைந்து தொடுவானத்தைத் தாண்டி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் சென்றுவிடுவதுண்டு. அது வானிலை தரும் கொடை. எந்தக் கருவியின் விலைப்பட்டியலிலும் அதைச் சேர்க்க முடியாது.

பத்து வாட் என்று அச்சிட்ட அடுத்த கருவிக்கு ஆர்டர் கொடுக்க நினைக்கும் ஹாம், அதற்கு முன் கையிலுள்ள கருவியுடன் ஒரு 49 சென்டிமீட்டர் கம்பியை இணைத்துக்கொண்டு, ஒருமுறை மொட்டைமாடிக்கு ஏறி அழைத்துப் பார்க்கட்டும்.