மலைகள் காத்தும் நிலையாத இராச்சியம்

பரந்தனிலிருந்து விசுவமடுவைக் கடந்து செல்லும் வீதி முடிகின்ற முல்லைத்தீவில், ஆங்கிலேயரின் கோட்டையை 1803ஆம் ஆண்டு ஆகஸ்டில் வன்னித் தலைவன் பண்டாரவன்னியன் கண்டியரசின் துணையோடு கைப்பற்றிய வரலாற்றை வன்னியில் அறியாதாரில்லை. அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்னரே, கண்டி நகரைப் பிடித்திருந்த ஆங்கிலச் சைனியம் காய்ச்சலால் நலிந்து, மேஜர் டேவியின் தலைமையிற் சரணடைந்து, மகாவலிக் கரையில் அழிந்துபோயிருந்தது. அக்டோபர் 31இல் கற்சிலைமடுவில் வன்னியன் தோற்றான், கண்டியோ அசையவில்லை. 1638இல் கன்னொறுவையிற் போர்த்துக்கேயரை முறியடித்து, 1765இல் தலைநகருட் புகுந்த ஒல்லாந்தரையும் நிலைகொள்ளவிடாத அந்த இராச்சியம், 1815இல் பெரும் போர் ஏதுமின்றியே ஆங்கிலேயர் வசமாயிற்று. மலையும் காடும் காய்ச்சலும் அப்போதும் இருந்தன. அரசனுக்கும் பிரதானிகளுக்கும் இடையே இருந்த விசுவாசந்தான் இல்லை.

கண்டியரசன் இராஜாதி இராஜசிங்கன் 1798இற் புத்திரரின்றி இறந்தபோது, முதல் அதிகாரி எனப்பட்ட தலைமை அமைச்சனான பிலிமத்தலாவை, தன் கைப்பாவையாக இருப்பான் என்ற எண்ணத்தோடு கண்ணுசாமி என்னும் இளைஞனைச் சிம்மாசனத்தில் ஏற்றி, மறுபுறம் ஆங்கிலத் தேசாதிபதி நோர்த்துடனும் இரகசியம் பேசினான். ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கன் எனப் பெயர்சூடிய இளைஞன் பாவையாக இருக்கச் சம்மதிக்கவில்லை. பிலிமத்தலாவை இறுதியில் அவனாலேயே கொல்லப்பட்டான். அரசன் தமிழ் பேசிய அந்நியன் என்பதே வீழ்ச்சிக்குக் காரணம் என்பாருளர். 1739 முதல் அந்நியரான நாயக்க வமிசத்தாரையே அரசராக ஏற்று வாழ்ந்த நாட்டிற்கு அக்காரணம் பொருந்துவதாக எனக்குத் தோன்றவில்லை.

அடுத்த அதிகாரி எகெலப்பொலை 1814இல் ஆங்கிலேயரிடம் ஓடியபோது, அவன் மனைவியையும் பிள்ளைகளையும் அரசன் கொல்வித்தான். குற்றமற்ற பாலகரைப் பலிகொண்ட அக்கொடுமையைக் கண்ட பிரதானிகள், அச்சத்தால் வாய் திறவாதிருந்தும், மனத்தால் அன்றே அவனைக் கைவிட்டனர். சிங்களம் கற்றுத் தேர்ந்த ஆங்கிலேய அலுவலர் ஜோன் டொயிலி பிரதானிகளுக்கு எழுதிய கடிதங்கள் பீரங்கிகள் செய்யாததைச் செய்தன. 1815 பெப்ரவரி 18இல் அரசன் பிடிபட்டான். மார்ச் 2இல் பிரதானிகள் ஒப்பந்தத்திற் கையொப்பமிட்டு நாட்டை ஆங்கில முடிக்கு ஒப்படைத்தனர்.

முடி தனக்கு வரும் என்று நம்பிய எகெலப்பொலைக்கு அது கிட்டவில்லை. மொரீசியசுக்கு நாடு கடத்தப்பட்டு 1829இல் அங்கே இறந்தான். ஒப்பந்தத்திற் கையொப்பமிட்ட கெப்பெட்டிப்பொலை, அந்நிய ஆட்சியின் தன்மையை உணர்ந்து ஆயுதமேந்தி, 1818 நவம்பரிற் சிரச்சேதம் செய்யப்பட்டான். அப்போது அவனுக்குப் பின்னால் மக்கள் திரண்டிருந்தனர். திரட்டி வைத்திருக்க ஓர் அரசு இருக்கவில்லை.