டவுன் பஸ்ஸும் நம் கல்லாப்பெட்டியும்

"இலவசம்" என்று காதில் விழுந்தால் வணிகர்களாகிய நம்மில் பலருக்கு முகம் சுளித்துவிடும். நாம் கட்டும் வரியை எடுத்துத்தானே யாருக்கோ கொடுக்கிறார்கள் என்ற எண்ணம் முந்திக்கொண்டு வரும். அதில் தவறொன்றும் இல்லை. கணக்குக் கேட்பது வணிகனின் குணம். ஆனால் கணக்கு என்று வந்துவிட்டால் பற்று, வரவு இரண்டையும் பார்த்தாக வேண்டும். அரசு டவுன் பஸ்களில் பெண்கள் கட்டணமின்றிப் போகும் திட்டத்தைப் பற்றி நமது சங்கக் கூட்டங்களிலும் தேநீர்க் கடைகளிலும் பேசப்படுவதெல்லாம் பற்றுப் பக்கம்தான். வரவுப் பக்கத்தையும் ஒருமுறை புரட்டிப் பார்ப்போம்.

2021 மே 7ஆம் நாள் முதலமைச்சராகப் பொறுப்பேற்ற திரு. மு.க. ஸ்டாலின் அன்றே கையெழுத்திட்ட ஆணைகளில் இதுவும் ஒன்று. மறுநாளிலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்றாயிற்று. அடுத்த மாதமே திருநங்கையருக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும், அவர்களுக்குத் துணையாக வரும் ஒருவருக்கும் சலுகை விரிந்தது. முதலில் ஒதுக்கப்பட்ட தொகை 1,200 கோடி ரூபாய். 2023-24 நிதிநிலை அறிக்கையில் அது 2,800 கோடியாயிற்று. 2024-25இல் 3,050 கோடி. 2025-26இல் 3,600 கோடி. கடைசித் தொகையை 365ஆல் வகுத்தால் நாளொன்றுக்குப் பத்துக் கோடியை ஒட்டி வருகிறது. சிறிய தொகை அல்ல, ஒப்புக்கொள்கிறோம்.

இந்தப் பணம் யார் கைக்குப் போகிறது என்பதில்தான் நம்மவர்களிடம் குழப்பம். பெண்கள் கையில் யாரும் ரொக்கம் கொடுப்பதில்லை. நடத்துநர் கட்டணமில்லாச் சீட்டு ஒன்றைக் கிழித்துத் தருகிறார். அந்தச் சீட்டுதான் போக்குவரத்துக் கழகத்துக்கு வவுச்சர். எத்தனை சீட்டு என்று கணக்கிட்டு அரசு கழகத்துக்கு ஈடு கொடுக்கிறது. ஆகவே, "சும்மாதானே போகிறோம், சீட்டு எதற்கு" என்று வாங்காமல் இறங்குகிற அம்மா கழகத்துக்கு நட்டம் வைக்கிறார். நம் கடைகளில் வேலை பார்க்கும் பெண்களிடம் இதை ஒரு வார்த்தை சொல்லி வைப்பது நல்லது.

பஸ் கழகங்களின் நிலைமை நமக்குப் புதிதல்ல. 1972இல் தனியார் பஸ்களை அரசு எடுத்து பல்லவன், பாண்டியன், சேரன், சோழன் என்று கழகங்கள் ஏற்பட்டன. 1997இல் அந்தப் பெயர்கள் போயின. (இன்றும் நம் வயதுக்காரர்கள் வாயில் "பாண்டியன் பஸ்"தான்.) கட்டணத்தை 2011 நவம்பரில் ஏற்றினார்கள், பிறகு 2018 ஜனவரியில் ஏற்றினார்கள். அதற்குப் பின் 2025 முடிய ஏற்றவில்லை. இந்த இடைவெளியில் டீசல் என்ன விலை ஏறியது, டயர் என்ன விலை ஏறியது என்பதை லாரி வாடகை கொடுக்கும் நாம் அறிவோம். ஏழு வருஷம் அதே விலைக்குத் துவரம்பருப்பு விற்கச் சொன்னால் நம்மில் எத்தனை பேர் கடை திறப்போம்? 2024 ஜனவரி 9, 10 தேதிகளில் போக்குவரத்துத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தார்களே, ஓய்வு பெற்றவர்களின் அகவிலைப்படி பாக்கியும் அப்போதைய கோரிக்கைகளில் ஒன்று. பயணியிடம் வாங்காத பணத்தை யாராவது கொடுத்துத்தான் ஆகவேண்டும். அரசு ஒழுங்காகக் கொடுத்தால் பஸ் ஓடும். கொடுக்கத் தவறினால் முதலில் நிற்பது நட்டத்தில் ஓடும் கிராமத்துத் தடம்தான். இதில் எந்தக் கட்சி ஆட்சி என்பது நமக்குப் பொருட்டல்ல.

இனி வரவுப் பக்கம். மாநிலத் திட்டக்குழு மதுரை, திருப்பூர், நாகப்பட்டினம் மாவட்டங்களில் இத்திட்டத்தை ஆராய்ந்தது. ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்பது அரசு எடுத்துச் சொல்லும் கணக்கு. பஸ் ஏறுவோரில் பெண்கள் நூற்றுக்கு 40ஆக இருந்தது 60ஐத் தாண்டிவிட்டது என்றும் சொல்கிறார்கள். இந்த 888 ரூபாய் எங்கே போகும்? ஏழைக் குடும்பத்தில் மிச்சமாகும் பணம் பெரும்பாலும் அடுப்பங்கரைக்குத்தான் வரும். எண்ணெய் அரை லிட்டருக்குப் பதில் ஒரு லிட்டர், வாரம் ஒருமுறை கொண்டைக்கடலை, பிள்ளைக்கு பிஸ்கட். அது நம் சரக்குத்தான்.

மதுரை கீழமாசி வீதியில் நாற்பது ஆண்டாக மொத்த வியாபாரம் செய்துவரும் நமக்கு இதைவிடத் தெளிவாகத் தெரிவது வேறொன்று. அலங்காநல்லூர்ப் பக்கம், சோழவந்தான் பக்கம், திருமங்கலம் பக்கம் வீட்டுத் திண்ணையில் பெட்டிக்கடை வைத்திருக்கும் பெண்கள், இட்லிக் கடை நடத்துவோர், முறுக்கு சுற்றி விற்போர் ஆகியோரின் கொள்முதல் முறை மாறியிருக்கிறது. ஒரு அம்மா ஆயிரம் ரூபாய்க்குச் சர்க்கரை, பருப்பு, எண்ணெய் வாங்க வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். போக வர பஸ்ஸுக்கு இருபது ரூபாய். ஆயிரத்துக்கு இருபது என்றால் நூற்றுக்கு இரண்டு. சர்க்கரையிலும் எண்ணெயிலும் சில்லறைக்காரருக்கு நிற்பதே நூற்றுக்கு மூன்று, நான்கு. பாதி லாபத்தை பஸ் தின்றுவிடும். அதனால்தான் முன்பெல்லாம் மாதம் இருமுறை வந்து, கடன் வாங்கியாவது மூட்டையாகக் கட்டிக்கொண்டு போனார்கள். பஸ்ஸுக்குக் காசில்லை என்றானதும் வாரம் இருமுறை வருகிறார்கள். கையிலிருக்கும் ரொக்கத்துக்கு வாங்குகிறார்கள். சரக்கு தேங்குவதில்லை, புழு வைப்பதில்லை. நமக்கும் பற்று வைத்துத் துரத்த வேண்டிய வேலை குறைந்தது. பெரிய கடைகள் இவர்களைச் "சில்லறைப் பார்ட்டி" என்று ஒதுக்குவதுண்டு. பத்து சில்லறைப் பார்ட்டி சேர்ந்தால் ஒரு சிப்பம் காலியாகும் என்பதைக் கல்லாவில் உட்காருகிறவர்கள் மறந்துவிடக் கூடாது.

இதற்கு மறுபக்கம் உண்டு. கிராமத்து மளிகைக் கடைக்காரர்கள் நம்மிடம் சொல்லும் குறை நியாயமானது. "அண்ணாச்சி, முன்னே சோப்பு வேணும்னா எங்கிட்டத்தான் வருவாங்க. இப்போ பஸ் ஏறி டவுனுக்குப் போய் ஏசி கடையில தள்ளுவண்டி தள்ளிக்கிட்டு வாங்கிட்டு வர்றாங்க" என்கிறார்கள். பாக்கெட் சாமான்கள், சோப்பு, மசாலாப் பொடி இவற்றில் அவர்களுக்கு அடி விழுந்திருப்பது மெய்தான். பஸ் இரண்டு பக்கமும் ஓடுகிறது. சரக்கையும் கொண்டுவரும், வாடிக்கையையும் கொண்டுபோகும். அவர்களிடம் எஞ்சியிருப்பவை இரண்டு: நாள் முடிவில் கொடுக்கும் கடன், ஐந்து ரூபாய்க்கும் கட்டித்தரும் பொட்டலம். இவ்விரண்டையும் எந்த ஏசி கடையும் செய்யாது. ஆனாலும் பட்டியலில் உள்ள சாமானுக்கு நகரத்து விலையை நெருங்கிக் கொடுத்தால்தான் கிராமத்துக் கடை நிற்கும். அதற்கு நம் போன்ற மொத்த வியாபாரிகள் சிறு கடைகளுக்குச் சற்று இறங்கி வரவேண்டும். பத்துப் பெட்டி எடுப்பவருக்கு ஒரு விலை, அரைப் பெட்டி எடுப்பவருக்கு வேறு விலை என்ற வித்தியாசத்தைக் கொஞ்சம் குறைக்கலாம்.

யார் விட்டுப்போனார்கள் என்பதையும் பேச வேண்டும். நம் கடைத்தெருவில் மூட்டை தூக்கும் தொழிலாளிக்குச் சலுகை கிடையாது. அவர் காசு கொடுத்துத்தான் ஏற வேண்டும். தனியார் பஸ் மட்டும் ஓடும் தடத்தில் பெண்களுக்கும் கிடையாது. 2025 ஜூன் 16இல் தஞ்சாவூரில் தொடங்கிய புதிய மினி பஸ் திட்டத்தின் வண்டிகளும் தனியாருடையவையே. பெரிய பஸ் நுழையாத குக்கிராமத்துக்கு மினி பஸ் வருவது பெரிய உதவிதான். ஆனால் மெயின் ரோட்டில் இருப்பவருக்குக் கட்டணமில்லை, உள்ளே தள்ளியிருக்கும் ஏழைக்குக் கட்டணம் உண்டு என்றால் நியாயம் எங்கோ இடறுகிறது. மலைப்பகுதிகளை 2024இல் சேர்த்தது போல இதற்கும் ஒரு வழி காணவேண்டும்.

இதைவிடப் பெரிய குறை, பஸ்ஸே வராதது. ஆள் பற்றாக்குறையால் நடை ரத்தாவது நாம் காணும் காட்சி. 3,274 ஓட்டுநர்-நடத்துநர் பணியிடங்களை நிரப்ப 2025இல் அறிவிப்பு வந்தது. நம் கடைகளிலும் ஜவுளிக் கடைகளிலும் பேக்கிங் வேலைக்கும் பில் போடவும் வரும் பெண்கள் பத்துக் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து வருகிறார்கள். இரவு ஒன்பதுக்குக் கடை சாத்தினால், எட்டரைக்கே கடைசி பஸ் போய்விட்டது என்று நிற்கிறார்கள். ஆட்டோவுக்கு நூற்றைம்பது கொடுத்தால் அன்றைய சம்பளத்தில் பெரும்பங்கு போயிற்று. சீட்டு இலவசமாக இருந்து என்ன பயன்?

2022இல் ஓர் அமைச்சரே மேடையில் "ஓசி" என்று சொல்லப்போய்ப் பெரிய சர்ச்சையானது நினைவிருக்கலாம். அந்தச் சொல்லை நடத்துநர்களும் சில இடங்களில் சொல்லத்தான் செய்கிறார்கள். மூட்டையோடு ஏறுகிற பெண்ணைக் கண்டால் பஸ்ஸை நிறுத்தாமல் போவதும் உண்டு. மகளிர் சுய உதவிக் குழு உறுப்பினர்கள் தங்கள் பொருட்களை 25 கிலோ வரை, 100 கிலோமீட்டர் வரை கட்டணமின்றிக் கொண்டுபோக 2025இல் அடையாள அட்டை கொடுத்தார்கள். நல்ல காரியம். குழுவில் இல்லாத சிறு வியாபாரிக்கும் இதே அளவு லக்கேஜ் சலுகை வேண்டும் என்று நமது சங்கம் கேட்க வேண்டும்.

தாழ்தளப் பஸ்

கட்டணம் இல்லை என்றால் மட்டும் எல்லோரும் ஏறிவிட முடியாது. சாதாரண பஸ்ஸின் தளம் தரையிலிருந்து 900 மில்லிமீட்டர், அதாவது ஏறக்குறைய மூன்றடி. சக்கர நாற்காலியில் இருப்பவர் அதில் ஏறுவது எப்படி? அவர்களை விடுங்கள், மூட்டு வலி வந்த நம் வயதுக்காரர்களே கைப்பிடியைப் பிடித்துத் தொங்கித்தான் ஏறுகிறோம். தாழ்தளப் பஸ்ஸின் தளம் 400 மில்லிமீட்டர். ஒன்றேகால் அடிக்குச் சற்று அதிகம்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 41ஆம் பிரிவில், பஸ் நிறுத்தமும் பஸ்ஸும் அவர்கள் பயன்படுத்தக்கூடியதாக இருக்க அரசு ஆவன செய்ய வேண்டும் என்கிறது. புதிய பஸ்கள் வாங்கும்போது இதைப் பின்பற்றவில்லை என்று சென்னை உயர்நீதிமன்றத்தில் வழக்கு நடந்தது. நம் சாலைகளின் நிலைமைக்கும் மழைக்காலத்தில் தேங்கும் தண்ணீருக்கும் தாழ்தளப் பஸ் ஒத்துவராது என்று அரசுத் தரப்பில் வாதிட்டார்கள். சாலை சரியில்லை என்பதற்குச் சாலையைச் சரிசெய்வதுதானே மருந்து? பிறகு ஜெர்மனி நாட்டு வங்கியின் கடனுதவியுடன் 552 தாழ்தளப் பஸ்களுக்கு அசோக் லேலண்டிடம் ஆர்டர் கொடுக்கப்பட்டது. 2024 ஆகஸ்டில் சென்னையில் 58 பஸ்கள் முதலில் ஓடத் தொடங்கின. 2025 ஜூன் 30இல் உலக வங்கி உதவியுடன் வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 மின்சாரப் பஸ்கள் புறப்பட்டன, அவையும் தாழ்தளமே.

இங்கே கடைக்காரர்களின் பங்கு ஒன்று உண்டு. தாழ்தளப் பஸ் நடைமேடையை ஒட்டி வந்து நின்றால்தான் சாய்பலகையை இறக்கி நாற்காலியை ஏற்ற முடியும். நடைமேடையில் சரக்கு மூட்டையும், அதன் முன்னால் குட்டி யானை வண்டியும் நின்றால் பஸ் நடுச்சாலையில் நிற்கும், பலகை இறங்காது. கீழவாசல், விளக்குத்தூண் போன்ற நெரிசலான இடங்களில் சரக்கு இறக்குவதைக் காலை எட்டு மணிக்கு முன் முடித்துக்கொள்வது என்று தெருவாரியாகப் பேசி வைத்துக்கொள்ளலாம். மாநகராட்சி வந்து அபராதம் போட்ட பிறகு பேசுவதைவிட இது மேல். கடை வாசலில் இரண்டு படிக்குப் பக்கத்தில் ஒரு சாய்தளம் போட ஆகும் செலவும் பெரிதல்ல. பஸ்ஸில் ஏறி வந்தவர் நம் வாசலில் நின்று திரும்பிப் போகக் கூடாது.

உடனே செய்யக்கூடியது ஒன்று உள்ளது. உறுப்பினர்கள் ஒவ்வொருவரும் தங்கள் கடைக்கு வரும் சிறு வியாபாரிகளிடமும் வேலைக்காரப் பெண்களிடமும் மூன்று விவரம் கேட்டு எழுதி வைக்கவும்: எந்தத் தடம், எந்த நடை அடிக்கடி வருவதில்லை, இரவு எத்தனை மணி பஸ் தேவை. "பஸ் சரியில்லை" என்று பொதுவாக மனு கொடுத்தால் அது கோப்பில் தூங்கும். தட எண்ணும் நேரமும் போட்டுக் கொடுத்தால் கிளை மேலாளர் பதில் சொல்லியாக வேண்டும். விவரங்களை அடுத்த மாதாந்திரக் கூட்டத்துக்கு முன் செயலாளரிடம் சேர்ப்பித்தால், தொகுத்து மாவட்ட ஆட்சியரிடமும் போக்குவரத்துக் கழகப் பொது மேலாளரிடமும் நேரில் கொடுக்க ஏற்பாடு செய்யலாம். இரவு ஒன்பதேகாலுக்கு ஒரு நடை என்பதை அந்தப் பட்டியலில் முதலாவதாக வைப்போம்.