விரல்களுக்கும் ஓர் இலக்கணம்

அரியலூர் மாவட்டத்து ஏலாக்குறிச்சித் திருத்தலத்தை அறியாத கத்தோலிக்கக் குடும்பம் நம் பகுதியில் இராது. அங்குப் பணியாற்றிய வீரமாமுனிவர் 1680இல் இத்தாலியில் பிறந்தவர். அயல்மொழியாகிய தமிழை அவர் கேள்வியால் மட்டும் கற்கவில்லை. எழுத்தும் இலக்கணமுமாகக் கற்றார். அதன் கனியே தேம்பாவணி. அவர் இளைஞராயிருந்த நாள்களில், 1700ஆம் ஆண்டையொட்டி, அதே இத்தாலியின் பிளாரன்சு நகரில் கிறிஸ்தோஃபோரி என்பார் பியானோவை உருவாக்கினார். மெல்லத் தொட்டால் மெல்லொலியும், அழுத்தினால் பேரொலியும் தருவதே அதன் சிறப்பு.

பெரம்பலூர், அரியலூர்ப் பகுதிச் சிற்றூர்களில் பியானோவைக் காண்பது அரிது. ஆர்மோனியம் இருந்த இடத்தில் இன்று கீபோர்டு இருக்கிறது. தாளத்தை ஒரு பொத்தான் தருகிறது. சுருதியை மற்றொரு பொத்தான் மாற்றுகிறது. வாசிப்பவரோ கேட்டுப் பழகிய சில பாடல்களோடு நின்றுவிடுகிறார். அவர் பிழைப்புக்காகச் சென்னைக்கோ திருப்பூருக்கோ சென்றுவிட்டால், கருவி உறைக்குள் உறங்குகிறது, பாடற்குழுவும் தளர்ந்துபோகிறது. அவர் அறிந்தவை எழுத்தில் இல்லையே!

இக்குறையைத் தீர்ப்பது முறையான பியானோப் பாடம். வலக்கை பண்ணை வாசிக்க, இடக்கை அதற்குத் துணைசுரங்களைச் சேர்க்கிறது. கண் ஐந்து கோட்டு இசைக்குறிப்பைப் படிக்க, செவி பிழையைத் திருத்துகிறது. குறிப்பைப் படிக்கத் தெரிந்த பிள்ளை, கேட்டறியாத பாடலையும் தாளைப் பார்த்தே வாசிக்கும், பிறருக்கும் கற்பிக்கும். பியானோவின் 88 கட்டைகள் இல்லையெனினும், 61 கட்டைக் கீபோர்டிலேயே தொடக்கப் பாடங்களைப் பயிலலாம்.

பண்ணைப்புரம் என்னும் சிற்றூரில் பிறந்த இளையராஜா, சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசையை இலக்கணத்தோடு பயின்றார். 1976இல் 'அன்னக்கிளி'யில் அவர் தந்தது நம் நாட்டுப்புற மணமே. 2025 மார்ச்சில் அவருடைய சிம்பொனி இலண்டனில் அரங்கேறியது. பிறர் இலக்கணம் அவருடைய மண்ணின் மணத்தை மாய்க்கவில்லை.

நம் இராகங்களின் கமகங்களைப் பியானோவின் கட்டைகள் தாரா என்பது உண்மையே. அதற்குக் குரலும் வீணையும் வயலினும் உண்டு. இரண்டாம் வத்திக்கான் சங்கமும் 1963இல் வெளியிட்ட திருவழிபாட்டு ஏட்டில், அந்தந்த மக்களின் இசை மரபுக்கு உரிய இடம் தரப் பணித்தது. தகுந்த பிற கருவிகளையும் ஏற்றது. ஒன்றைக் கற்க மற்றொன்றைக் கைவிட வேண்டியதில்லை.

பெற்றோரே, இலண்டன் டிரினிட்டி கல்லூரியின் எட்டுப் படித் தேர்வுகள் நன்றே; எனினும் சான்றிதழை மட்டும் நாடாதீர்கள். நாள்தோறும் இருபது நிமிடம், தாளப் பொத்தானை அணைத்துவிட்டு, பிள்ளை தானே எண்ணி வாசிக்கட்டும். பங்குதோறும் இரு சிறுவரும் இரு சிறுமியருமாக நால்வரைத் தேர்ந்து, ஆசிரியர் ஊதியத்தைப் பங்கே ஏற்கட்டும். ஏழைப் பிள்ளை வாயிலில் நிற்கலாகாது. அலமாரியின் சாவி அவர்கள் கைக்கு எட்டட்டும். ஒருவர் ஊரைவிட்டுச் சென்றாலும், ஞாயிறு திருப்பலியில் பாடல் நில்லாது.