கல்லீரல் பொய் சொல்லாது!

திருவண்ணாமலைக் கோயிலுக்குப் போகிறவர்கள் வல்லாள மகாராஜன் கோபுரத்தை அண்ணாந்து பார்க்காமல் திரும்ப மாட்டார்கள். சிற்றின்பமே கதியென்று வாழ்ந்து, உடலும் பொருளும் கெட்டு, உயிரே வெறுத்துப்போன அருணகிரிநாதர் அந்தக் கோபுரத்திலிருந்துதான் குதித்தார் என்பது ஐதீகம். விழுந்தவரை முருகன் கையில் ஏந்திக் கொண்டான். பிழைத்த பிறகு அவர் பழைய வாழ்வைத் திரும்பியும் பார்க்கவில்லை.

இந்தக் காலத்தில் டாக்டர்களும் அப்படி ஒரு மறுபிறவி தருகிறார்கள். அதுதான் கல்லீரல் மாற்று சிகிச்சை. அமெரிக்காவில் டென்வர் நகரில் டாக்டர் தாமஸ் ஸ்டார்ஸல் 1963-ல் முதன்முதலாக முயன்றார். 1967-ல் பலன் கண்டார். நம் நாட்டில் 1998-ல் தில்லியில் காஞ்சிபுரத்துக் குழந்தை ஒன்றுக்கு, அதன் தகப்பனாரின் கல்லீரலில் ஒரு பகுதியை எடுத்து வைத்து வெற்றி பெற்றார்கள். அந்தக் குழந்தை வளர்ந்து, தானே டாக்டராகிவிட்டது!

கல்லீரல் கெட்டவர்கள் எல்லோரும் குடிகாரர்கள் அல்லர். மஞ்சட்காமாலைக் கிருமிகளாலும், சர்க்கரை வியாதியோடு சேரும் கொழுப்பினாலும் அது கெடுவதுண்டு. ஆகையால், "குடிப்பதுண்டா? எவ்வளவு? கடைசியாக எப்போது?" என்று டாக்டர் கேட்டால் கோபித்துக் கொள்ளாதீர்கள். எல்லோரையும் கேட்பது வழக்கம். உலகச் சுகாதார ஸ்தாபனம் இதற்கென்றே பத்துக் கேள்விகள் கொண்ட பட்டியல் ஒன்று வைத்திருக்கிறது.

ரத்தம் சொல்லும் சாட்சி

வாய் மறைத்தாலும் ரத்தம் மறைக்காது. மூச்சில் வரும் வாசனை சில மணி நேரத்தில் போய்விடும். சிறுநீரில் மதுவின் சுவடு சில நாட்கள் தங்கும். குடித்தால் மட்டுமே ரத்தத்தின் சிவப்பணுக்களில் உண்டாகும் ஒரு பொருள் இருக்கிறது. 'பெத்' என்று அதற்குச் சுருக்கப் பெயர். அது இரண்டு முதல் நான்கு வாரம் வரை காட்டிக் கொடுக்கும். தலைமுடியோ, வேரிலிருந்து மூன்று சென்டிமீட்டர் நறுக்கினால், ஏறக்குறைய மூன்று மாதக் கதையைச் சொல்லிவிடும்!

ஒரு எச்சரிக்கை. நம் வீடுகளில் ஜீரணத்துக்கென்று அரிஷ்டம் குடிக்கிற பழக்கம் உண்டு. அது புளித்துத் தயாராவதால் அதிலும் மதுச்சத்து இருக்கிறது. சில இருமல் மருந்துகளிலும் உண்டு. அலமாரியில் இருக்கும் புட்டிகளை எல்லாம் டாக்டரிடம் காட்டிவிடுவது நல்லது.

போலீஸ் வேலையா இது?

"நோயாளியைப் பிடித்துக் கொண்டு இப்படித் துருவுவானேன்?" என்று கேட்கலாம். ஒரு காரணம், வைக்கப்போகும் கல்லீரல் யாருடையது என்பது. மூளைச் சாவடைந்த ஒருவரின் குடும்பம், அழுகையின் நடுவே மனமுவந்து கொடுத்ததாக இருக்கலாம். அல்லது வீட்டிலேயே ஒருவர் கொடுக்க வேண்டும். 1994-ம் வருஷத்துச் சட்டப்படி மனைவியும் கொடுக்கலாம். ஆபரேஷனில் வெட்டிக் கொடுத்த கல்லீரல் சில மாதங்களில் வளர்ந்துவிடும் என்பது உண்மை. ஆனாலும் கத்திக்கு உடம்பைக் கொடுக்கிறவள் அவள். வைத்த பிறகும் அவர் குடித்தால், அவள் பட்ட பாடு என்னாவது?

உலகப் புகழ் பெற்ற கால்பந்து வீரர் ஜார்ஜ் பெஸ்டுக்கு 2002-ல் லண்டனில் புதுக் கல்லீரல் வைத்தார்கள். மறுபடி குடித்தார். 2005-ல் காலமானார். இதனால்தான் ஆபரேஷனுக்குப் பிறகும் பரிசோதனை தொடர்கிறது. தடுமாறியது சீக்கிரம் தெரிந்தால் சீக்கிரம் தூக்கி நிறுத்தலாம். கிரிவலப் பாதை 14 கிலோ மீட்டர். வழியில் கால் இடறியவரை யாரும் ஊருக்குத் திருப்பி அனுப்புவதில்லை. கை கொடுத்துத்தான் நடத்திச் செல்கிறோம்.

ஆறு மாதக் கணக்கு

ஆறு மாதம் குடிக்காமல் இருந்தால்தான் ஆபரேஷன் என்பது பல இடங்களில் நெடுநாள் வழக்கம். அந்த ஆறு மாதத்தில் கல்லீரல் தானே தேறிவிடுவதும் உண்டு. ஆனால் சிலருக்கு அத்தனை நாள் ஆயுள் இருக்காதே! 2011-ல் பிரெஞ்சு டாக்டர்கள் ஒரு முடிவை வெளியிட்டார்கள். மருந்து பலிக்காத 26 பேருக்குக் காத்திராமலே ஆபரேஷன் செய்ததில், நூற்றுக்கு 77 பேர் வீதம் ஆறு மாதம் கழித்தும் உயிரோடிருந்தார்கள். செய்யாதவர்களில் நூற்றுக்கு 23 பேர்தான். அந்த 26 பேரை எப்படிப் பொறுக்கினார்கள் தெரியுமா? பார்த்துக்கொள்ளும் குடும்பம் இருக்கிறதா என்பது அவர்கள் முக்கியமாகக் கவனித்த ஒன்று.

வீட்டுப் பெண்களுக்கு ஒரு வார்த்தை

கணவர் குடிப்பதை அக்கம்பக்கத்தாருக்குத் தெரியாமல் மறைத்து மறைத்தே நம் பெண்கள் பழகிவிட்டார்கள். ஊராரிடம் மறைப்பது உங்கள் இஷ்டம். டாக்டரிடம் மட்டும் வேண்டாம். திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியானாலும் சரி, வேலூர், சென்னை ஆனாலும் சரி, அவர் கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள். நிறையக் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் நடுக்கமும் வலிப்பும் வரக்கூடும். அதனால் நிறுத்துவதும் டாக்டர் மேற்பார்வையிலேயே நடக்கட்டும்.

குடியினால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன், துக்கத்தோடு வீட்டில் ஒடுங்கிவிடவில்லை. 1980-ல் சென்னையில் குடி நோயாளிகளுக்கென்று சிகிச்சை ஸ்தாபனம் தொடங்கினார். 1992-ல் பத்மஸ்ரீ பெற்றார். குடி என்பது வெட்கப்பட்டு மூடி வைக்கும் குற்றமல்ல, வைத்தியம் பார்க்க வேண்டிய நோய் என்று குடும்பங்களுக்கு எடுத்துச் சொன்னவர் அவர்.

பரிசோதனைச் சீட்டைக் கண்டு பயப்பட வேண்டாம், சகோதரிகளே! அது உங்கள் வீட்டுக்காரரைத் தண்டிக்க வந்த தீர்ப்பு அல்ல. அவர் உயிரையும், ஒருவேளை உங்கள் உயிரையும் காக்க வந்த காவல்.