ஆழம் மாறும் கான்கிரீட் உத்திரங்களின் வெட்டு வலிமை

ஆழம் மாறும் உத்திரம் என்பது நீளவாக்கில் ஆழம் படிப்படியாகக் கூடியோ குறைந்தோ செல்லும் உத்திரம் ஆகும். பால்கனிகளைத் தாங்கும் நெடுங்கை உத்திரங்களிலும், தூண்களை நெருங்கும்போது தடிக்கும் பாலத் தொடர் உத்திரங்களிலும் இவ்வடிவத்தைக் காணலாம்.

ஆழம் மாறாத உத்திரத்தில், வெட்டு விசையை அகலம், பயனுறு ஆழம் இவற்றின் பெருக்கத்தால் வகுத்தால் பெயரளவு வெட்டுத் தகைவு கிடைக்கும். விளிம்பு சாய்ந்திருந்தால் இது போதாது. சாய்ந்த விளிம்பை ஒட்டிச் செல்லும் அமுக்க விசையோ கம்பியின் இழுவிசையோ தானும் சாய்ந்திருப்பதால், அதற்கு ஒரு செங்குத்துக் கூறு உண்டு. அது வெட்டு விசையில் ஒரு பங்கைச் சுமக்கலாம். வெட்டு விசையோடு சேர்ந்து சுமையைக் கூட்டவும் செய்யலாம்.

இந்தியத் தர விதித்தொகுப்பு ஐ.எஸ். 456:2000, பிரிவு 40.1.1, இக்கூறைக் கணக்கில் எடுக்கிறது. வளைவுத் திருப்புமையைப் பயனுறு ஆழத்தால் வகுத்து, மேல், கீழ் விளிம்புகளுக்கு இடையிலான கோணத்தின் டேன்ஜெண்டால் பெருக்க வேண்டும். ஆழம் கூடும் திசையில் திருப்புமையும் எண்ணளவில் கூடினால், கிடைத்த மதிப்பை வெட்டு விசையிலிருந்து கழிக்கலாம். அத்திசையில் திருப்புமை குறைந்தால் கூட்ட வேண்டும்.

எடுத்துக்காட்டாக, 2 மீ நீளமும் 250 மிமீ அகலமும் கொண்ட நெடுங்கை உத்திரத்தின் நுனியில் 50 கிலோநியூட்டன் வடிவமைப்புச் சுமை இருப்பதாகக் கொள்வோம் (தன்னெடையை விட்டுவிடலாம்). பயனுறு ஆழம் தாங்கியில் 450 மிமீ, நுனியில் 200 மிமீ. எனவே டேன்ஜெண்ட் 0.125. தாங்கியில் திருப்புமை 100 கிலோநியூட்டன்-மீட்டர். கழிக்க வேண்டியது 27.8 கிலோநியூட்டன்; எஞ்சுவது 22.2. தகைவு சதுர மிமீக்கு 0.20 நியூட்டன் மட்டுமே. நுனியிலோ திருப்புமை இல்லை, கழிக்க எதுவும் இல்லை, தகைவு 1.0, அதாவது ஐந்து மடங்கு. எம்20 கான்கிரீட்டுக்கு அட்டவணை 19 தரும் மிக உயர்ந்த வெட்டு வலிமையே 0.82 தான். ஆகவே தாங்கியை மட்டும் சரிபார்த்து, நுனிப்பக்கம் வளையக் கம்பிகளைத் தளர்த்துவது ஆபத்தானது. பல வெட்டுமுகங்களில் கணக்கிட வேண்டும்.

தொடர் உத்திரங்களில் இன்னொரு சிக்கல் உண்டு. தாங்கிக்கு அருகே கழித்தல் குறி பொருந்தும். தடித்த பகுதி எதிர்வளைவுப் புள்ளியையும் தாண்டி நடுப்பக்கம் நீண்டிருந்தால், அங்கே ஆழம் கூடும் திசையில் திருப்புமை குறைகிறது. குறி கூட்டலாக மாறிவிடும். மேலும், உண்மையான நெம்புகை பயனுறு ஆழத்தைவிடச் சிறியது. இதனால் கழிக்கும்போது விதி பாதுகாப்புப் பக்கம் நிற்கிறது. கூட்டும்போது அந்தப் பாதுகாப்பு இல்லை. அத்தகைய இடங்களில் வளையக் கம்பிகளைச் சற்று நெருக்கமாக அமைப்பது நல்லது.