ஸ்கேன் சி.டி.யில் வெள்ளையாகத் தெரிவது என்ன?

தலைவலி என்று அம்மாவுக்கு எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்தோம். ஃபிலிமுடன் ஒரு சி.டி.யும் கொடுத்தார்கள். டாக்டரை மறுநாள்தான் பார்க்க முடியும். வீட்டில் கம்ப்யூட்டர் இருக்கும்போது கை சும்மா இருக்குமா? சி.டி.யை டிரைவில் போட்டேன்.

உள்ளே ஒரு ஃபோல்டர் நிறைய ஃபைல்கள். எதற்கும் எக்ஸ்டென்ஷன் இல்லை. டபுள் கிளிக் செய்தால், எந்தப் புரோகிராமில் திறப்பது என்று விண்டோஸ் கேட்கிறது. உங்களுக்கும் இப்படி வந்தால் சி.டி. கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். இவை டைகாம் வகை ஃபைல்கள். எந்தக் கம்பெனி ஸ்கேனரில் எடுத்தாலும் எல்லா இடத்திலும் திறக்க வேண்டும் என்பதற்காக 1993-ல் இந்தப் பெயரில் வந்த பொது முறை இது. பல சி.டி.க்களில் பார்ப்பதற்கான புரோகிராமும் இருக்கும். எனக்கு வந்ததில் இல்லை. மைக்ரோடைகாம் என்ற புரோகிராமை இறக்கிக் கொண்டேன். சொந்த உபயோகத்திற்கு இலவசம்.

மவுஸ் சக்கரத்தை உருட்டினால் மூளை ஒவ்வொரு சீவலாக நகர்கிறது. நடுவில் பட்டாம்பூச்சி போல் பளிச்சென்று ஒரு வெள்ளை. பகீரென்றது. அடுத்த வரிசையைத் திறந்தேன். அதே இடம் கரிக்கட்டை போல் கறுப்பு. அன்று இரவு தூக்கம் போயிற்று.

மறுநாள் டாக்டர் சிரித்தார். "அது எல்லோருக்கும் இருக்கிற தண்ணீர்தான்" என்றார். மூளையின் உள்ளறைகளில் நிற்கும் மூளைத் தண்டுவடத் திரவம். பெரியவர்களுக்குச் சுமார் 150 மில்லி இருக்கும். தினமும் ஏறக்குறைய 500 மில்லி புதிதாகச் சுரந்து, பழையது வெளியேறுகிறது.

அப்படியானால் ஒரே தண்ணீர் இரண்டு நிறத்தில் தெரிவது ஏன்? எம்.ஆர்.ஐ.யில் கேமரா கிடையாது. உடலில் உள்ள ஹைட்ரஜன் அணுக்களை ரேடியோ அலையால் தட்டி, அவை திருப்பித் தரும் சிக்னலைக் கேட்கிறார்கள். 1.5 டெஸ்லா இயந்திரத்தில் இது சுமார் 64 மெகாஹெர்ட்ஸ், நம் எஃப்.எம். தொடங்கும் 88-க்குச் சற்றுக் கீழே! அந்தச் சிக்னலைக் கணக்குப் போட்டுப் படமாக்குவது கம்ப்யூட்டர்.

தட்டியபின் மூளைத் திசுவின் சிக்னல் சீக்கிரம் அடங்கிவிடும். திரவத்தின் சிக்னல் நெடுநேரம் ஒலிக்கும். எனவே விநாடியில் பத்தில் ஒரு பங்கு காத்திருந்து கேட்டால் திரவம் வெள்ளை. இது டி2 படம். ஆனால் தட்டிய திரவம் பழைய நிலைக்குத் திரும்பச் சில விநாடிகள் ஆகும். அதற்குள் அடுத்தடுத்துத் தட்டினால் அது தேறுவதில்லை, கறுப்பாகிவிடும். இது டி1.

எனக்கு மிகவும் பிடித்தது சி.டி.யில் இருந்த மூன்றாவது வரிசை, ஃப்ளேர். அணுக்களை முதலில் தலைகீழாகத் திருப்பிவிட்டு, திரவத்தின் சிக்னல் சரியாகப் பூஜ்யத்தைக் கடக்கும் நேரம் பார்த்து, சுமார் இரண்டு விநாடி கழித்துப் படம் எடுக்கிறார்கள். திரவம் மறைந்துவிடும். அதை ஒட்டிய சிறு வெள்ளைப் புள்ளிகள், டி2-வில் திரவத்தின் பளபளப்பில் ஒளிந்திருந்தவை, இதில் மாட்டிக்கொள்ளும். இதற்கு நேர்மாறாக, மிக நீண்ட நேரம் காத்திருந்தால் திரவம் மட்டுமே மிஞ்சும். பித்தக் குழாயை மருந்து ஏற்றாமலே பார்ப்பது இப்படித்தான்.

இந்தக் கதையே தண்ணீரில்தான் தொடங்கியது. 1973-ல் பால் லாட்டர்பர் வெளியிட்ட முதல் படத்தில் இருந்தவை, கனநீர் கலந்த குழாய்க்குள் சாதாரண நீர் நிரப்பிய இரண்டு மெல்லிய குழாய்கள். அதற்காக 2003-ல் பீட்டர் மான்ஸ்ஃபீல்டுடன் நோபல் பரிசு பெற்றார்.

அம்மாவின் படத்தில் பயப்பட ஒன்றுமில்லை. கண்ணாடியை மாற்றச் சொன்னார் டாக்டர்.

சி.டி.யை மேஜை டிராயரில் போட்டு மறந்துவிடாதீர்கள். மொத்த ஃபோல்டரையும் ஹார்டு டிஸ்கில் காப்பி செய்திடுங்கள். அடுத்த ஸ்கேனுடன் ஒப்பிட டாக்டர் கேட்பார். யாருக்காவது அனுப்புவதானால் கவனம்: ஒவ்வொரு டைகாம் ஃபைலுக்குள்ளும் நோயாளியின் பெயர் எழுதப்பட்டிருக்கும். ஃபைலின் பெயரை மாற்றினால் அது போகாது.